விறைக்காமல் படுக்க ஒரு ஸ்லீப்பிங் பாக்: யாழ்ப்பாணத்திலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஸ்லீப்பிங் பாக் (குளிருக்கு உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை) பற்றி எழுதுகிறேன் என்றதும் வீட்டிலேயே சிரித்தார்கள். மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று சொல்லி காதைச் சுற்றிச் சால்வை கட்டுகிற ஊர்தான் நம்முடையது, ஆனால் அந்தப் பனியிலும் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால்தான் நமக்கு இந்தச் சாமானை வாங்கத் தெரிவதில்லை. குளிர் என்றால் எவ்வளவு குளிர் என்று உடம்புக்கே கணக்கில்லை.

என் கதை இதுதான். ஒரு தை மாசம் நண்பர்கள் ஐந்து பேர் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூடாரம் போடப் போனோம். நான் இணையத்தில் மலிவாக ஒரு பை வாங்கியிருந்தேன், உறையில் பெரிய எழுத்தில் மைனஸ் 5 என்று இருந்தது. இரவு இரண்டு மணிக்குப் பல்லும் பல்லும் அடித்துக்கொள்ள எழும்பி, வான் வண்டிக்குள் போய் விடியும்வரை குந்தியிருந்தேன். பக்கத்தில் படுத்த மச்சான் என்னுடையதைவிட மெல்லிய பையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே தடித்த ஃபோம் இருந்தது, எனக்குக் கீழே ஒரு நாணல் பாய். அந்த ஒரு வித்தியாசம்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் பையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பைக்குக் கீழே இருப்பதைப் பற்றியும் பேசப் போகிறேன், காசு குறைவாக இருப்பவர்கள் அந்த இடத்தில்தான் வெல்லலாம்.

முதல் படி: எங்கே படுக்கப் போகிறீர்கள்?

பை பார்க்கத் தொடங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். தை மாசத்தில் யாழ்ப்பாணத்து விடியற்காலை 22 டிகிரி என்று வைப்போம். நுவரெலியா 1,868 மீட்டர், ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே, அப்படியானால் 8 முதல் 10 டிகிரி வருகிறது. இது சாதாரண இரவுக்கு. மேகமே இல்லாத, காற்றும் அடங்கிய தை, மாசி இரவுகளில் நிலம் தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், அந்த நாட்களில் நுவரெலியாப் பக்கம் புல்லில் வெள்ளையாக உறைபனி படிவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நிலத்தை ஒட்டிப் படுக்கிறவருக்கு அது பூச்சியம் டிகிரி. ஆகவே இலங்கைக்குள் மட்டும் போகிறவர் பூச்சியத்துக்கும் 10 டிகிரிக்கும் இடையில் ஆயத்தமாக இருந்தால் போதும், அதற்குமேல் செலவழிப்பது வீண்.

சிவனொளிபாதமலைக்குப் போகவா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 2,243 மீட்டர் உயரம்தான், உச்சியில் நன்றாகக் குளிரும்தான், ஆனால் இரவில் ஏறி, சூரியோதயம் பார்த்து, இறங்கிவிடுகிறோம். ஒரு ஜக்கெட், காதை மூடும் தொப்பி, மாற்றிப் போட உலர்ந்த ஒரு பெனியன். அவ்வளவுதான்.

நேபாளம் வேறு கதை. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே, எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர், அங்கிருந்து திபெத்துக்குள் போய்க் கயிலாய மலையைச் சுற்றி நடக்கும் பரிக்கிரமாவில் திராபுக் என்ற இடத்தில் தங்கும் இரவு ஏறக்குறைய 5,000 மீட்டரில். வாழ்நாளில் ஒருமுறை போகும் அந்தப் பயணத்துக்காகப் பெருங்காசு கொடுத்து ஒரு பை வாங்கி, பிறகு பத்து வருடம் அலுமாரியில் வைத்திருக்க வேண்டியதில்லை. காத்மண்டுவில் தமேல் என்ற பகுதியில் கடைக்குக் கடை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். உள்ளே போடும் உறையை மட்டும் உங்களுடையதாகக் கொண்டுபோங்கள், ஏன் என்பதை வாடகைப் பையை ஒருமுறை மணந்து பார்த்தால் புரியும்.

இரண்டாம் படி: லேபிளில் உள்ள எண்

நான் ஏமாந்தது இங்கேதான். ஐரோப்பாவில் 2002இல் ஈ.என். 13537 என்று ஒரு தரநிலை வந்தது, 2016இல் அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 23537 வந்தது. ஒரு பொம்மை மனிதனுக்குச் சூடேற்றி, நீளமான உள்ளுடுப்பு போட்டு, பாய்மெத்தை மேல் கிடத்திப் பைக்குள் வைத்து அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வரும். கம்ஃபர்ட் என்பது சாதாரண உடல்வாகுள்ள ஒரு பெண் கைகாலை நீட்டிச் சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஓர் ஆண் சுருண்டு படுத்து ஒருவாறு இரவைக் கழிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை, ஆறு மணித்தியாலம் உயிர் தப்பலாம், ஆனால் உடல் சூடு ஆபத்தாகக் குறையக்கூடும் என்ற எல்லை.

மலிவான பைகளின் உறையில் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணைத்தான். சிலர் அந்தச் சோதனைகூடச் செய்யாமல் மனதுக்குத் தோன்றியதைப் போட்டுவிடுகிறார்கள். என் மைனஸ் 5 எந்த ரகம் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை, இரண்டாவது ரகமாக இருக்கலாம். ஆகவே ஒரே விதி: கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். ஆணாக இருந்தாலும் அதையே பாருங்கள். அந்தப் பொம்மைக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, நாம் வருடம் முழுக்க 30 டிகிரியில் வேர்த்து வளர்ந்தவர்கள். அதனால் எதிர்பார்க்கும் குளிருக்கும் கம்ஃபர்ட் எண்ணுக்கும் இடையில் ஓர் 5 டிகிரி கையிருப்பாக வைப்பது புத்தி. கம்ஃபர்ட் எண்ணே போடாத பையை நான் இப்போது தொடுவதில்லை, எவ்வளவு மலிவானாலும் சரி.

இன்னொரு குழப்பம் அமெரிக்காவிலிருந்து வரும் பைகளில். அங்கே பரன்ஹீட். 30 என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது நம்ம ஊர் வெயிலுக்குத்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது நம் கணக்கில் மைனஸ் 1. 20 என்றால் மைனஸ் 7, 40 என்றால் 4 டிகிரி. அதோடு அங்கே ஆண்களுக்கான பைகளுக்கு லிமிட் எண்ணையும் பெண்களுக்கான பைகளுக்குக் கம்ஃபர்ட் எண்ணையும் பெயராக வைப்பது வழக்கம், அதனால் ஒரே எண் போட்ட இரண்டு பைகளில் பெண்களுக்கான பைதான் சூடு கூடியது. உயரம் ஒத்துவந்தால் தயங்காமல் அதை எடுக்கலாம், நிறம் மட்டும் கொஞ்சம் ஊதாவாக இருக்கும்.

மூன்றாம் படி: உள்ளே என்ன அடைத்திருக்கிறது

மீன் சந்தையில் ஐஸ் போட்டு வைக்கும் ரெஜிபோம் பெட்டியை நினையுங்கள். பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை, அதன் சுவருக்குள் அடைபட்ட காற்றுத்தான் வெயிலை உள்ளே விடாமல் பிடிக்கிறது. ஸ்லீப்பிங் பாக்கும் அப்படித்தான், சூடு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது, பை காற்றைப் பிடித்து அதை வெளியே போக விடாமல் வைத்திருக்கிறது. எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு சூடு. இலவம் பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டெடுத்தால் புசுபுசுவென்று எழும்புமே, அந்த எழும்பல்தான் இங்கே காசு.

வாத்து, தாரா இவற்றின் நெஞ்சுப் பகுதி மென்தூவி ஒரு வகை, கடைகளில் டவுன் என்பார்கள். செயற்கைப் பஞ்சு மற்ற வகை. மென்தூவியின் தரத்தை ஃபில் பவர் என்று 550, 600, 800 என எண்ணில் சொல்வார்கள். 600 என்றால் ஏறக்குறைய 28 கிராம் தூவி உப்பும்போது 10 லீட்டர் இடத்தை நிரப்பும், 800 என்றால் 13 லீட்டர். அதே சூட்டுக்குக் குறைந்த எடை, சின்னதாக மடங்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். ஆனால் எண் பெரிதாக இருந்துவிட்டால் மட்டும் பை சூடாகிவிடாது, எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். 800 தரத்தில் 200 கிராம் போட்டதைவிட 600 தரத்தில் 500 கிராம் போட்டது சூடு கூடியது.

இப்படி எல்லாம் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்து முதல் பை வாங்குகிறவருக்கு நான் செயற்கைப் பஞ்சைத்தான் சொல்வேன். விலை குறைவு என்பது ஒரு காரணம்தான். மென்தூவி நனைந்தால் கட்டிபட்டுச் சப்பென்று ஒட்டிவிடும், சூடு போய்விடும், காய நாட்கணக்கில் எடுக்கும். நம் மலைநாட்டில் குளிர் வறண்ட குளிர் அல்ல, மழையும் மூடுபனியும் கலந்த ஈரக் குளிர். வீட்டுக்குக் கொண்டுவந்தால் இங்கே கடல் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், அமத்தித் தண்ணீரை வடித்துக் காற்றில் போட்டால் கெதியில் காயும். மலிவாகக் கிடைக்கும் டவுன் என்று விற்பதில் தூவிக்குப் பதில் தண்டுள்ள இறகை அடைத்திருப்பார்கள், விரலால் அமத்திப் பார்த்தால் குத்தும். இதைவிட, சைவ வீடுகளில் வாத்து இறகைச் சாமி அறைக்குப் பக்கத்து அலுமாரியில் வைக்கவா என்ற கேள்வியும் வரும். எங்கள் வீட்டில் வந்தது.

நான்காம் படி: உருவமும் தையலும்

நீள்சதுரப் பை, மம்மிப் பை என்று இரண்டு. மம்மி என்பது தோளில் அகன்று காலில் ஒடுங்கித் தலைக்கு முக்காடோடு வருவது. உள்ளே வெற்றிடம் குறைய உடம்பு சூடாக்க வேண்டிய காற்றும் குறைவு, துணியும் குறைவு, எடையும் குறைவு. குளிருக்கென்றால் இதுதான். புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு முதலில் மூச்சுமுட்டும், பழகிவிடும்.

கடையில் பை கையில் கிடைத்தால் வெட்கப்படாமல் விரித்து உள்ளே படுங்கள். கால் முட்டினால் பஞ்சு அமுங்கி அந்த இடம் விறைக்கும், ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் நீளத்துக்குப் பஞ்சு வைத்த ஒரு குழாய்ப் பட்டி இருக்கிறதா? இல்லையென்றால் ஜிப் வழியே குளிர் ஊசிபோல் இறங்கும். கழுத்தைச் சுற்றிக் கயிறு இழுத்து இறுக்கும் பட்டி இருந்தால் இன்னும் நல்லது. பிறகு போன் டோர்ச்சைப் பைக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள், பஞ்சு இல்லாத இடம் வெளிச்சமாகத் தெரியும். மேல்துணியும் உள்துணியும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த கோடுகள் எல்லாம் பஞ்சில்லாத கோடுகள், கோடைப் பையில் பரவாயில்லை, பூச்சியத்துக்கு வாங்கும் பையில் அப்படி இருந்தால் விடுங்கள்.

ஐந்தாம் படி: கீழே விரிப்பது

உங்கள் உடம்பு பையின் கீழ்ப்பாதிப் பஞ்சை நசித்துவிடுகிறது, நசிந்த பஞ்சில் காற்றில்லை, காற்றில்லாவிட்டால் சூடு நேரே நிலத்துக்குப் போகிறது. 1,000 டொலர் பையாக இருந்தாலும் இதுதான் நடக்கும். லேபிளில் உள்ள எண்ணும் பாய்மெத்தையோடு அளந்த எண் என்று மேலே சொன்னேனே, அதை மறந்துவிட்டுத்தான் பலர் பையைத் திட்டுகிறார்கள்.

பாய்மெத்தையின் தடுப்புச் சக்தியை ஆர் மதிப்பு என்பார்கள். நல்ல மூடுதுளை ஃபோம் மெத்தை ஒன்று, முட்டை வைக்கும் மட்டைபோல் மேடுபள்ளமாக இருக்குமே அது, ஏறக்குறைய 2 தரும். ஹோர்ட்டன் சமவெளிக்கு 2 அல்லது 3, பூச்சியத்துக்குக் கீழே என்றால் 4க்கு மேல். இதில் ஏழைகளுக்கு ஒரு வரம் இருக்கிறது: ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஆர் மதிப்புகள் கூட்டலாகும். இரண்டு மலிவு ஃபோம் போட்டால் ஒரு விலை கூடிய காற்று மெத்தைக்குச் சமம், குத்தி ஓட்டையாகிற பயமும் இல்லை.

கட்டடச் சாமான் கடைகளில் தகரக் கூரைக்குக் கீழே சூடு இறங்காமல் அடிக்க வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் சுருளாக விற்கிறார்களே, அதில் இரண்டு மீட்டர் வெட்டித் தரச் சொல்லுங்கள். எடையே தெரியாது. நான் இப்போது அதை அடியில் போட்டு, மேலே சாதாரண ஃபோம் மெத்தை போடுகிறேன். வெள்ளித்தாளைவிட அதற்குள் இருக்கும் ஃபோம்தான் வேலை செய்கிறது, ஆகவே தடிப்பானதாகப் பார்த்து எடுங்கள். பனையோலைப் பாய், நாணல் பாய் எல்லாம் நம்ம முற்றத்தில் நிலாப் பார்த்துப் படுக்க அருமை. மலையில் அது வெறும் கோலம்.

ஆறாம் படி: எடையும் காசும்

கம்ஃபர்ட் 5 டிகிரிக்கு நல்ல செயற்கைப் பஞ்சுப் பை 1.2 முதல் 1.6 கிலோ வரும். அதே சூட்டுக்கு மென்தூவி 700, 800 கிராமில் முடியும், விலை பல மடங்கு. இடையில் உள்ள வித்தியாசம் ஒரு போத்தல் தண்ணீர் அளவு. ஒரு வாரம் முதுகில் சுமந்து நடப்பவருக்கு அது பெரிய விஷயம், வான் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்து கூடாரம் போடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை, நேர்மையாக நீங்கள் எந்த ரகம் என்று கேட்டுப் பாருங்கள். எடை குறைக்க வேண்டுமென்றால் பாதி நீள ஜிப் உள்ளதை எடுங்கள், ஜிப் நினைப்பதைவிடக் கனம். விளம்பரத்தில் போடும் எடையில் சில நேரம் உறைப்பையின் எடை சேராது.

விலை எழுதவில்லை, டொலர் ஏறி இறங்க அதுவும் மாறும். கையில் உள்ள காசை நூறு பங்காக்கினால் 60 பைக்கு, 30 கீழே விரிப்புக்கு, 10 உள்ளுறைக்கு என்று பிரியுங்கள். கனடா, லண்டனில் சொந்தக்காரர் உள்ளவர்கள் (யாருக்குத்தான் இல்லை) குளிர்காலம் முடியும்போது கழிவு விலை போடும் நேரம் பார்த்து ஒன்று எடுத்து வைக்கச் சொல்லலாம். ஆனால் சும்மா ஒரு ஸ்லீப்பிங் பாக் கொண்டுவாங்கோ மாமா என்றால் மாமா நல்ல மனதோடு பிள்ளைகள் பாடசாலை முகாமுக்குக் கொண்டுபோகும் மூன்று கிலோப் பஞ்சு மூட்டையைக் கொண்டுவருவார். கம்ஃபர்ட் எண், உச்ச எடை, உங்கள் உயரம், மூன்றையும் எழுதி அனுப்புங்கள், முடிந்தால் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஓம் சொல்லுங்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வருபவர்கள் அங்கே டெக்கத்லான் கடையில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம், லேபிளில் கம்ஃபர்ட் எண் தெளிவாக இருக்கும்.

பாவித்த பை வாங்குவது தப்பில்லை. விரித்துப் பத்து நிமிடம் விட்டு எவ்வளவு உப்புகிறது என்று பாருங்கள், எழும்பாத பஞ்சு செத்த பஞ்சு, அதற்கு மருந்தில்லை.

ஏழாம் படி: அம்மாவின் பழைய சேலை

உள்ளுறை என்று கடையில் விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. நைந்த மெல்லிய பட்டுச் சேலை ஒன்று வீட்டில் இருக்கும். காஞ்சிபுரம் மாதிரிக் கனத்த பட்டு வேண்டாம், எடை. சேலை ஐந்தரை மீட்டர், அதில் 4.4 மீட்டர் வெட்டி இரண்டாக மடித்தால் 2.2 மீட்டர் நீளம், அகலத்தை 80 சென்டிமீட்டராகக் குறைத்து இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் பை ஆயிற்று. சரிகைக் கரையை வெட்டிவிடுங்கள், கழுத்தை அறுக்கும். கொஞ்சம் சூடு கூடும், ஆனால் அதைவிடப் பெரிய பயன் வேர்வையும் எண்ணெயும் பைக்குப் போகாமல் இருப்பது, கழுவ வேண்டிய வேலை குறைகிறது. நூல் சேலையும் சரிதான், ஈரம் பிடித்தால் குளிரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இரவில்

இருட்ட முன்பே பையை வெளியே எடுத்து உதறி உப்ப விடுங்கள். பகல் முழுக்க வேர்த்த உடுப்போடு படுக்கக் கூடாது, சொக்ஸ் உட்பட எல்லாம் உலர்ந்ததாக மாற்றுங்கள், சாரத்தோடு படுத்துப் பார்த்த ஒருவனை எனக்குத் தெரியும். தலைக்குத் தொப்பி. வெறும் வயிற்றோடு படுத்தால் உடம்பு எதை எரித்துச் சூடு உண்டாக்கும்? நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மூத்திரம் போய்விட்டுப் படுங்கள். மூடி கசியாத போத்தலில் சுடுநீர் ஊற்றிச் சொக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்தால் அதைப்போல ஒரு சுகம் இல்லை. மூக்கையும் வாயையும் வெளியே விடுங்கள், உள்ளே மூச்சு விட்டால் விடியும்போது பை ஈரமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

சின்ன உறைப்பைக்குள் அமுக்கித் திணித்து மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு எழும்பும் குணத்தை இழந்துவிடும். பெரிய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு அலுமாரிக்கு மேலே வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து மின்விசிறிக்குக் கீழே விரித்தால் பூஞ்சணம் பிடிக்காது. நம்ம ஊர் வெயிலில் நாள் முழுக்கக் காயப் போடாதீர்கள், நைலோன் துணி இற்றுப் போகும், வேப்பமர நிழல் போதும். கழுவ நேர்ந்தால் வாளியில் மெல்லிய சவர்க்கார நீரில் அமத்தி அமத்திக் கழுவுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் போட வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் பிடித்து மொத்தமாகத் தூக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தண்ணீரின் பாரத்தில் உள்தையல் விட்டுப் பஞ்சு எல்லாம் காலடிக்கு இறங்கிவிடும், அந்த மைனஸ் 5 பையின் முடிவு அப்படித்தான் ஆனது. இப்போது அது நாய்க்குட்டியின் படுக்கை.